தொப்பி எடுத்த பிறகு

டிசம்பர் மாதத்துப் புதன்கிழமை ஒன்றில், அமெரிக்காவின் ஏதோ ஓர் ஊரில், உயர்நிலைப்பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் நீளமான மேசை ஒன்றைப் போட்டு அதன்மேல் மூன்று நான்கு தொப்பிகளை வரிசையாக வைப்பார்கள். ஒவ்வொரு தொப்பியிலும் ஒரு பல்கலைக்கழகத்தின் சின்னம் இருக்கும். நடுவில் 17 வயதுப் பையன், ஒரு பக்கம் அம்மா, மறுபக்கம் பாட்டியோ பள்ளிப் பயிற்சியாளரோ, எதிரே கேமராக்கள். பையன் ஒரு தொப்பியின் பக்கம் கையைக் கொண்டுபோய், சற்றுத் தயங்கி, வேறொன்றை எடுத்துத் தலையில் வைத்துக்கொள்வான். கூடமே ஆர்ப்பரிக்கும். அவனை ஒருமுறைகூட நேரில் பார்த்திராத நான், ஹூஸ்டனில் அலுவலக மேசையருகே கைப்பேசியில் அந்தக் காட்சியைப் பார்த்துக் கண்கலங்கிய ஆண்டுகள் உண்டு.

முதுகலை படிக்க 2010 ஆகஸ்டில் திருச்சியிலிருந்து காலேஜ் ஸ்டேஷன் என்ற சிற்றூருக்கு வந்தேன். டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் இருக்கும் ஊர் அது. நம் ஊரில் கால்பந்து என்றால் நினைவுக்கு வருகிற ஆட்டம் வேறு. இங்கே ஃபுட்பால் என்பது முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு, தலைக்கவசமும் தோள்கவசமும் அணிந்து, கெஜம் கெஜமாக நிலத்தைப் பிடிக்கும் ஆட்டம். அதைத் தொழில்முறை அணிகளைவிடக் கல்லூரி அணிகள் ஆடும்போது ஊர்கள் உருகுகின்றன. கைல் ஃபீல்ட் என்ற எங்கள் மைதானத்தில் இப்போது 1,02,733 பேர் உட்காரலாம். ஆனால் மாணவர்கள் உட்காருவதில்லை. 1922 ஜனவரியில் ஓர் ஆட்டத்தில் அணியினர் அடுத்தடுத்துக் காயமடைந்தபோது, பார்வையாளர் பகுதியிலிருந்து இ. கிங் கில் என்ற மாணவர் இறங்கி வந்து, சீருடை மாட்டிக்கொண்டு, அழைத்தால் ஆடத் தயாராக ஓரத்தில் நின்றார். அவரை அழைக்க வேண்டி வரவில்லை. அந்த நினைவாக இன்றுவரை மாணவர்கள் ஆட்டம் முழுவதும் நின்றுகொண்டே பார்க்கிறார்கள். நானும் ஐந்து ஆண்டுகள் அப்படித்தான் நின்றேன்.

இந்த விளையாட்டில் ஆள்சேர்ப்பு, இவர்கள் மொழியில் ரெக்ரூட்டிங், ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.லில் சென்ற ஆண்டு மோசமாக ஆடிய அணிக்கு, டிராஃப்ட் என்ற புது வீரர் தேர்வில் முதலில் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு கிடைக்கிறது. கல்லூரியில் அப்படி எந்த ஏற்பாடும் இல்லை. பையன் எங்கே போக வேண்டும் என்பதைப் பையன்தான் முடிவு செய்கிறான். பயிற்சியாளர்கள் அவன் வீட்டு வரவேற்பறைக்கு வந்து அவன் அம்மாவிடம் பேசியாக வேண்டும். அந்தத் தேர்வைச் சுற்றித்தான் ஒரு தனி ஊடகத் தொழில் வளர்ந்திருக்கிறது. ரைவல்ஸ், 247 ஸ்போர்ட்ஸ் போன்ற தளங்கள் நாடெங்கும் உள்ள பள்ளி வீரர்களுக்கு இரண்டு முதல் ஐந்து வரை நட்சத்திரங்கள் கொடுக்கின்றன. ஐந்து நட்சத்திரம் பெறுபவர்கள் ஆண்டுக்கு முப்பது பேர் அளவில்தான், என்.எஃப்.எல். டிராஃப்ட்டின் முதல் சுற்றில் 32 பேர் எடுக்கப்படுவதை ஒட்டி 247 ஸ்போர்ட்ஸ் வகுத்துக்கொண்ட எண்ணிக்கை அது. நட்சத்திரத்துக்கும் மேலே, தசம புள்ளிக்குப் பின் நான்கு இலக்கம் வரை மதிப்பெண்ணும் உண்டு. இன்னும் வாக்களிக்கும் வயது வராத ஒருவனுக்கு 0.9874 என்று எண் ஒட்டுகிறார்கள்.

நட்சத்திரங்கள் வெறும் பொய் என்று சொல்லும் ரசிகர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மொத்தமாகப் பார்த்தால் அவை உண்மைக்கு மிக நெருக்கமானவை. பட் எலியட் என்ற பத்திரிகையாளர் எளிய கணக்கு ஒன்றைப் பல ஆண்டுகளாகப் போட்டு வருகிறார்: கடந்த நான்கு ஆண்டுகளில் ஓர் அணி சேர்த்த பையன்களில் பாதிக்கு மேற்பட்டோர் நான்கு அல்லது ஐந்து நட்சத்திரக்காரர்களா என்பதே அந்தக் கணக்கு. 2011 முதல் 2024 வரையிலான பருவங்களில் தேசிய சாம்பியன் ஆன ஒவ்வோர் அணியும் அந்தக் கோட்டைத் தாண்டியதுதான். அடுத்த பருவத்தில் கர்ட் சிக்னெட்டி பயிற்றுவித்த இந்தியானா பல்கலைக்கழகம் அதை உடைத்தபோது நாடே வியந்தது என்றால், விதி அவ்வளவு உறுதியாக இருந்திருக்கிறது என்றுதான் பொருள்.

ஆனால் ஐந்நூறு பேருக்குச் சரியாக இருக்கும் கணக்கு ஒருவனுக்குச் சரியாக இருப்பதில்லை. ஹூஸ்டனிலிருந்து காரில் ஒரு மணி நேரத் தொலைவில் வெஸ்ட் கொலம்பியா என்ற ஊர் இருக்கிறது. அங்குள்ள பள்ளி அணி பந்தை அதிகம் வீசாது. கையில் கொடுத்து ஓடச் செய்யும் பழைய ஆட்டமுறை. அந்த அணியின் குவாட்டர்பேக், அதாவது பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர், கேம் வார்டுக்கு ஒரு நட்சத்திரம்கூட இல்லை. பெரிய பல்கலைக்கழகம் எதுவும் அவரை அழைக்கவில்லை. சான் அன்டோனியோவில் இன்கார்னேட் வேர்ட் என்ற சிறிய கல்லூரியில் தொடங்கி, வாஷிங்டன் ஸ்டேட், மயாமி என்று ஏறி, 2025 டிராஃப்ட்டில் முதல் ஆளாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர் பந்து வீசுவதைப் பார்க்க யாரும் போகவில்லை, ஏனென்றால் அவர் பள்ளி அவரை வீசவிடவில்லை. கலிஃபோர்னியாவின் ஃபயர்பா என்ற வேளாண் ஊரிலிருந்து வந்த என்.எஃப்.எல். குவாட்டர்பேக் ஜாஷ் ஆலன் கதையும் இதே வகை. எங்கள் அணியின் மைக் எவன்ஸ் கால்வெஸ்டன் பள்ளியில் கூடைப்பந்துதான் ஆடிக்கொண்டிருந்தார். ஃபுட்பால் ஆடியது கடைசி ஆண்டில் மட்டும். மூன்று நட்சத்திரம் கொடுத்தார்கள். என்.எஃப்.எல்.லில் தன் முதல் பதினொரு பருவங்களிலும் பந்தைப் பிடித்து ஆயிரம் கெஜத்துக்குக் குறையாமல் எடுத்தவர் அவர்.

கணித்தவர்கள் தவறியதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. பதினேழு வயது உடம்பும் மனமும் இருபத்திரண்டில் எப்படி இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. என் குறை வேறு.

எங்கள் அணி 2022இல் சேர்த்த தொகுதி, 247 ஸ்போர்ட்ஸின் கூட்டுக் கணக்கில் அதுவரை எந்தப் பல்கலைக்கழகமும் பெறாத புள்ளியைப் பெற்றது. அந்தக் குளிர்காலம் எங்களுக்கு ஆட்டமே இல்லாத திருவிழாவாக இருந்தது. அந்தப் பையன்களைப் பணம் கொடுத்து வாங்கினார்கள் என்றும், மூன்று கோடி டாலர் செலவானது என்றும் ஒரு வதந்தி பரவ, பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷர் பத்திரிகையாளர்கள் முன் கொதித்துப் போய் மறுத்தார். மே மாதத்தில் அலபாமா பயிற்சியாளர் நிக் சேபன் அதையே பொதுமேடையில் சொல்ல, மறுநாளே ஃபிஷர் கூட்டம் கூட்டிக் கடுமையாகப் பதிலளித்தார். இரண்டு வாரங்கள் தொலைக்காட்சியில் வேறு பேச்சே இல்லை. செப்டம்பர் 10 அன்று எங்கள் மைதானத்துக்கு வந்த அப்பலாச்சியன் ஸ்டேட் அணி 17-14 என்று எங்களைத் தோற்கடித்துவிட்டுப் போனது. பருவம் முடிந்தபோது எங்கள் கணக்கு ஐந்து வெற்றி, ஏழு தோல்வி. அடுத்த ஆண்டு நவம்பரில் ஃபிஷரைப் பணிநீக்கம் செய்தார்கள். மீதி ஒப்பந்தத்துக்காக அவருக்குத் தர வேண்டியிருந்த தொகை ஏழரைக் கோடி டாலருக்கும் மேல்.

இவையெல்லாம் விரிவாக எழுதப்பட்டன. எழுதப்படாதது அந்தப் பையன்களின் கதைதான். சேர்ந்த ஒரு வருடத்திலேயே சிலரும், இரண்டாம் வருடத்தில் இன்னும் பலரும் கிளம்பிவிட்டார்கள். வால்டர் நோலன் மிசிசிப்பி பல்கலைக்கழகத்துக்குப் போனார். ஷெமார் ஸ்டூவர்ட் எங்களோடு இருந்தார். 2025 டிராஃப்ட்டில் நோலன் பதினாறாவது, ஸ்டூவர்ட் பதினேழாவது. ஒரே ஆண்டில் ஒரே மேசைக்கு வந்த இருவர், ஒருவர் போன பிறகு ஒருவர் நின்று, அடுத்தடுத்த எண்ணில் அழைக்கப்பட்டார்கள். மூன்று பருவங்களில் ஸ்டூவர்ட் எதிரணிக் குவாட்டர்பேக்கை வீழ்த்திய எண்ணிக்கை நான்கரைதான் (இருவர் சேர்ந்து வீழ்த்தினால் ஆளுக்கு அரை). அப்படியிருந்தும் முதல் சுற்றில் எடுத்தார்கள் என்றால் அவர் உடலில் அவர்கள் என்ன கண்டார்கள், நான்கு ஆண்டுகளுக்கு முன் ஐந்து நட்சத்திரம் கொடுத்தவர்கள் கண்டதும் அதையேதானா, இடைப்பட்ட காலத்தில் அவருக்கு என்ன கற்றுக்கொடுக்கப்பட்டது என்பதை எழுத எவ்வளவு இடம் இருந்தது! முதல் சுற்றுக்கு வந்ததால் இந்த இருவர் பெயராவது நம் கண்ணில் படுகிறது. அந்த 2022 தொகுதியில் மற்றவர்கள்? மேசைமேல் தொப்பி இருக்கும்வரை அங்கே நின்ற கேமராக்கள், தொப்பி எடுத்த பிறகு திரும்பி வருவதில்லை. இந்த ஊடகத்தின் மேல் எனக்குள்ள குறை இதுதான்.

ஏன் வருவதில்லை என்பதற்கும் காரணம் இருக்கிறது. ஓர் அணிக்கு வழக்கமான பருவத்தில் பன்னிரண்டு ஆட்டங்கள். மீதி முந்நூற்றைம்பது நாளும் ரசிகனுக்கு எதை விற்பது? எதிர்பார்ப்பை விற்கலாம். எந்தப் பையன் எந்த வளாகத்துக்கு வந்து போனான், எந்தப் பயிற்சியாளரோடு படம் எடுத்துக்கொண்டான், எங்கே சேர்வான் என்று எந்த நிபுணர் கணிக்கிறார் என்ற செய்திக்கு மாதம் பத்து டாலர் கொடுக்க ஆள் இருக்கிறது. பதினொரு வருடம் கொடுத்தவன் நான். அப்படி எழுதுபவர் பையனின் கைப்பேசி எண்ணையும் பயிற்சியாளரின் தயவையும் நம்பித்தான் பிழைக்கிறார். இரண்டையும் பகைத்துக்கொள்ள அவரால் இயலாது. பெரிய பல்கலைக்கழகம் ஒன்று அழைத்ததும் பையனின் மதிப்பெண் ஏறுவதையும், மதிப்பெண் ஏறியதும் மற்ற பல்கலைக்கழகங்கள் அழைப்பதையும் நான் வருடந்தோறும் பார்த்திருக்கிறேன். எது முதலில், எது பின்னால் என்று கேட்டு எழுதியவர்கள் மிகக் குறைவு.

டாக்டர் பட்டம் முடித்த பின் இரண்டு ஆண்டுகள் வேறொரு பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினேன். பெயர் தேவையில்லை. அசையாமல் நிற்கும் பொருளின் மேலுள்ள விசைகளைக் கணக்கிடும் முதலாண்டு ஸ்டேடிக்ஸ் வகுப்பில் ஒரு பையன் கடைசி வரிசையில் உட்காருவான். ஆறடி ஐந்தங்குலம், நாற்காலி அவனுக்குப் போதாது. தாக்குதல் வரிசையில் ஆடுபவன். செவ்வாய்க்கிழமை மாலைகளில் பயிற்சி முடிந்து நேராக என் அறைக்கு வருவான், தலை ஈரமாக இருக்கும், விரல்களில் வெள்ளை டேப் சுற்றியிருக்கும். டேப் சுற்றிய விரல்களால் பென்சிலைப் பிடித்து விசைகளின் படம் வரைவது சிரமம். கோடு கோணிக்கொண்டு போகும். அழித்துவிட்டு மறுபடி வரைவான். “சார், இந்த முட்டு எங்கே தாங்குகிறது என்று தெரிந்துவிட்டால் மீதி எனக்கு வந்துவிடும்” என்பான். அது சரியான பேச்சு. ஸ்டேடிக்ஸ் பாடமே அவ்வளவுதான். மறு வருடம் அவன் முழங்காலில் தசைநார் அறுந்தது. அதன் பிறகு அவன் பெயர் ஆடுவோர் பட்டியலில் வரவில்லை. ஒரு வசந்த காலத்தில், சிறிய கல்லூரி ஒன்றுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

அன்றிரவு நான் பணம் கட்டிக்கொண்டிருந்த தளத்தில் அவன் பெயரைத் தேடினேன். அவன் பள்ளியில் இருந்தபோது அவனைப் பற்றி நாற்பதுக்கும் மேற்பட்ட செய்திகள் வந்திருந்தன: எடை, கைநீளம், எந்தப் பயிற்சியாளர் அவன் பாட்டி வீட்டில் சாப்பிட்டார் என்பது வரை. அவன் போனதற்கு ஒரே வரி, அவன் இடத்தில் யார் வரக்கூடும் என்ற கட்டுரைக்குள் இருந்தது. நான்கு நட்சத்திரங்கள் மட்டும் அவன் படத்தின் கீழ் அப்படியே இருந்தன.

எனக்கு அப்போது நம் ஊர்ப் பத்திரிகைகள் நினைவுக்கு வந்தன. பிளஸ் டூ முடிவு வந்த மறுநாள் மாநில முதலிடம், மாவட்ட முதலிடம் என்று அம்மா இனிப்பு ஊட்டும் படங்கள் முதல் பக்கத்தில் வரும். அதே வயதுப் பிள்ளைகள். 2017இல் தமிழக அரசு அந்த ரேங்க் அறிவிப்பையே நிறுத்தியபோது நான் மகிழ்ந்தேன். இங்கே நிறுத்துவதற்கு அரசு இல்லை, நிறுத்தவும் வேண்டாம். பின்தொடர்ந்து எழுதினால் போதும் என்றுதான் கேட்கிறேன்.

தொலைக்காட்சியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எதை எழுதலாம் என்பதைத் தீர்மானிக்கும் பணம் அங்கிருந்துதான் வருகிறது. கல்லூரி ஆட்டங்களை ஒளிபரப்பும் உரிமையை 1984 வரை, கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் அமைப்பான என்.சி.ஏ.ஏ. தன் கையில் வைத்திருந்தது. ஓக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்கள் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை உடைத்தது. அதன் பிறகு, தமக்குள் ஆடப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து அமைத்த ஒவ்வொரு கூட்டமைப்பும் தானே விலை பேசியது. 2022இல் பிக் டென் கூட்டமைப்பு மூன்று தொலைக்காட்சி நிறுவனங்களோடு போட்ட ஏழாண்டு ஒப்பந்தம் 700 கோடி டாலருக்கு மேல் என்று செய்திகள் வந்தன. ஆட்டத்தை விலைக்கு வாங்கியவரே அந்த ஆட்டத்தைப் பற்றிய செய்தியையும் சொல்கிறார், பையனை மதிப்பிட்டு நட்சத்திரமும் கொடுக்கிறார்.

இதன் நடுவில் நான் நேரில் இருந்திருக்கிறேன். 2011இல் இ.எஸ்.பி.என். என்ற விளையாட்டுத் தொலைக்காட்சி நிறுவனமும் டெக்சஸ் பல்கலைக்கழகமும் சேர்ந்து, இருபது ஆண்டுக்கு 30 கோடி டாலர் என்ற கணக்கில், லாங்ஹார்ன் நெட்வொர்க் என்ற தனித் தொலைக்காட்சியைத் தொடங்கின. அதில் பள்ளி ஆட்டங்களையும் ஒளிபரப்பும் திட்டம் இருந்தது. ஒரு பல்கலைக்கழகத்தின் பெயர் தாங்கிய தொலைக்காட்சியில் தன் முகம் வரும் என்று தெரிந்த பையன் எந்தத் தொப்பியை எடுப்பான்? என்.சி.ஏ.ஏ. அந்த ஆகஸ்டிலேயே அதைத் தடுத்துவிட்டது. ஆனாலும் எங்கள் பல்கலைக்கழகம் அந்த வருடமே, டெக்சஸ் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்திருந்த கூட்டமைப்பை விட்டு விலக முடிவெடுத்தது. நவம்பர் 24, நன்றி நவிலல் நாள் இரவு, அவர்களோடு நூறாண்டுக்கு மேற்பட்ட பகையின் கடைசி ஆட்டம் கைல் ஃபீல்டில் நடந்தது. கடைசி நொடியில் ஜஸ்டின் டக்கர் உதைத்த பந்து கம்பங்களுக்கு நடுவே போனது; 27-25, நாங்கள் தோற்றோம். பக்கத்தில் நின்ற முதியவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, விளக்குகள் அணையத் தொடங்கும்வரை அசையவில்லை. அந்த ஆட்டம் மறுபடி நடக்க 2024 நவம்பர் 30 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பத்து வருடம் கழித்து இன்னொன்று நடந்தது. 2021 ஆகஸ்ட் 29 அன்று இ.எஸ்.பி.என்.னில் ஐ.எம்.ஜி. அகாதெமி என்ற ஃபுளோரிடா பள்ளியோடு பிஷப் சிகமோர் என்ற ஒஹையோ அணி மோதியது. அந்த அணியில் பெரிய பல்கலைக்கழகங்கள் தேடும் வீரர்கள் இருக்கிறார்கள் என்று அந்தப் பள்ளி சொன்னதாகவும், அதைத் தங்களால் சரிபார்க்க முடியவில்லை என்றும் வர்ணனையாளர்கள் ஆட்டத்தின் நடுவிலேயே சொன்னார்கள். ஸ்கோர் 58-0. அந்த அணி இரண்டு நாள் முன்புதான் இன்னோர் ஆட்டம் ஆடியிருந்தது. பையன்களுக்கு அடிபடும் என்று வர்ணனையாளர்களே அஞ்சினார்கள். விசாரித்தபோது அது பள்ளியே அல்ல என்று மாநிலக் கல்வித்துறை முடிவு செய்தது. நட்சத்திரம் என்ற சொல் ஒன்று போதும், கேமரா வந்துவிடும். அந்தப் பள்ளிக்கு வகுப்பறை இருக்கிறதா என்று பார்க்க யாரும் போகவில்லை.

திரும்பிப் போய்ப் பார்க்கும் ஊடகம் எப்படியிருக்கும் என்பதற்கு இதே டெக்சஸில் சான்று உண்டு. 1986 நவம்பரில் டாலஸ் நகரத்தின் டபிள்யூ.எஃப்.ஏ.ஏ. என்ற உள்ளூர்த் தொலைக்காட்சியில் டேல் ஹேன்சன், ஜான் ஸ்பார்க்ஸ் இருவரும், சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழக அணியை விட்டு வந்துவிட்ட டேவிட் ஸ்டான்லி என்ற வீரரைத் தேடிப் பிடித்துப் பேசவைத்தார்கள். தனக்குப் பணம் வந்த கதையை அவர் சொன்னார். பல்கலைக்கழக அதிகாரிகளை எதிரே உட்காரவைத்து, பணம் வந்ததாகச் சொல்லப்பட்ட உறையை அவர்கள் கையிலேயே கொடுத்துக் கேட்டார் ஹேன்சன். 1987 பருவம் முழுவதையும் என்.சி.ஏ.ஏ. ரத்து செய்தது. பணம் தொடர்ந்து கொடுக்கப்பட்டதற்குத் தானும் ஒப்புதல் அளித்ததாக, முன்பு அந்தப் பல்கலைக்கழக ஆட்சிக்குழுவின் தலைவராக இருந்த டெக்சஸ் ஆளுநர் பில் கிளெமென்ட்ஸே பின்னர் ஒப்புக்கொண்டார். அணியில் இல்லாத, ஆட்டம் முடிந்துபோன ஒரு பையனிடம் போய்க் கேட்டதால் வெளிவந்த செய்தி அது.

அன்று உறைக்குள் வந்த பணம் இன்று சட்டப்படி வருகிறது. 2021 ஜூலையிலிருந்து வீரர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். வீரர்கள் என்.சி.ஏ.ஏ. மேல் தொடுத்து 2025இல் முடிந்த ஹவுஸ் வழக்குச் சமரசத்தின்படி ஒரு பல்கலைக்கழகம் முதலாண்டில் 2.05 கோடி டாலர் வரை எல்லா விளையாட்டு வீரர்களுக்கும் பகிரலாம். இது நியாயம். நூறாயிரம் பேர் டிக்கெட் வாங்கி வருவது அவர்களைப் பார்க்கத்தான். வேறு பல்கலைக்கழகம் போக விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வழியாக அணி மாறுவதைத் துரோகம் என்று பேசும் வர்ணனையாளர்கள், பயிற்சியாளர் நடுப்பருவத்தில் வேறு வேலைக்குப் பேசுவதை முன்னேற்றம் என்கிறார்கள். இந்த இரட்டைப் பேச்சு எனக்குக் கசக்கிறது. அணி மாறும் வீரர்களுக்கும் இப்போது நட்சத்திரம் கொடுக்கிறார்கள் என்பதால் தொப்பி மேசை வருடம் முழுவதும் போடப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான் மாற்றம்.

சென்ற அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை, கிழக்கு டெக்சஸின் பைன் மரக்காட்டு ஊர் ஒன்றுக்கு மூன்று மணி நேரம் கார் ஓட்டிப் போனேன். டேப் சுற்றிய விரல்களோடு என் அறைக்கு வந்த பையன் அங்கே கணக்கு ஆசிரியராகவும் தாக்குதல் வரிசைப் பயிற்சியாளராகவும் இருக்கிறான். மின்னஞ்சலில் அழைத்திருந்தான். இரும்புப் படிக்கட்டு இருக்கைகள், ஆளுக்கொரு போர்வை, வறுத்த சோளத்தின் வாசனை. அவன் கோட்டோரத்தில் நின்று, குனிந்து, தன் பையன்களின் கால் எங்கே ஊன்றுகிறது என்பதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

எனக்கு முன் வரிசையில் அந்த ஊர் வாரப் பத்திரிகைக்கு எழுதும் அம்மையார் உட்கார்ந்திருந்தார். வயது எழுபதுக்கு மேல் இருக்கும். மடியில் கோடு போட்ட நோட்டு, கையில் பென்சில், மழை வந்தால் மூட ஒரு பிளாஸ்டிக் உறை. ஒவ்வொரு நகர்வையும் குறித்துக்கொண்டே, பக்கத்தில் இருந்தவர்களிடம் போன வருடப் பையன்களைப் பற்றி விசாரித்தார்: ஒருவன் கடற்படையில் சேர்ந்துவிட்டான், ஒருவன் போமான்ட் எண்ணெய் ஆலையில் இருக்கிறான், இன்னொருவனுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. அவை எல்லாம் நோட்டின் பின்பக்கத்துக்குப் போயின. மூன்றாம் கால்பகுதியில் 54ஆம் எண் பையன் தவறவிட்ட பந்தின்மேல் விழுந்து அதை மீட்டான். அவர் எழுந்து, படிகளில் மெல்ல ஏறி, அவன் அம்மா உட்கார்ந்திருந்த இடத்துக்குப் போய், நோட்டைக் காட்டி, அவன் கடைசிப் பெயரில் ஓர் எழுத்து ஒற்றையாக வருகிறதா இரட்டையாகவா என்று கேட்டு, திருத்தி எழுதிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.